வாளி, துணி, கையுறை: தூய்மைப் பணியாளர்களின் கைச்சுத்தம் – வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களுக்குக் கைச்சுத்தப் பயிற்சி அளிப்பது பற்றி மேற்பார்வையாளர்கள், நர்ஸ்கள், பணியாளர்கள் எனப் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மீதியை இங்கே தருகிறோம்.

டாக்டரும் நர்ஸும் நோயாளியைத் தொடுகிறார்கள், அவர்கள் கை கழுவ வேண்டும் என்பது சரி. தரை துடைப்பவர்கள் நோயாளியைத் தொடுவதே இல்லையே? அவர்களுக்கு எதற்குத் தனிப் பயிற்சி?

நோயாளியைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் நோயாளி தொட்டதையெல்லாம் தொடுகிறார்கள். கட்டிலின் பக்கக் கம்பி, தலைமாட்டு மேஜை, ட்ரிப் ஸ்டாண்டு, அழைப்பு மணியின் பொத்தான், கழிப்பறைக் கைப்பிடி, விளக்கு சுவிட்ச் என்று ஒரு நோயாளியின் கை போன இடமெல்லாம் பணியாளரின் கையும் போகிறது. பல மருந்துகளுக்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில்கூட நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் கம்பியிலும் அவை இருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு நர்ஸ் தன் பொறுப்பில் உள்ள சில நோயாளிகளைத்தான் சுற்றி வருவார். தூய்மைப் பணியாளரோ ஒரு ஷிஃப்டில் மொத்த வார்டையும், சில இடங்களில் இரண்டு மூன்று வார்டுகளையும், எல்லாக் கழிப்பறைகளையும் சுற்றி வந்துவிடுகிறார். ஒரு படுக்கையையும் மற்றொரு படுக்கையையும் இணைக்கும் கை அவருடையது.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டதும் இதே வகைப் பயணத்தைத்தான். பிணப் பரிசோதனை அறையிலிருந்து மருத்துவர்களும் மாணவர்களும் நேராகப் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். அந்த ஏப்ரலில் அங்கே பிரசவித்த தாய்மார்களில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தினார். இரண்டே மாதத்தில் அது 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கழிப்பறையிலிருந்து கட்டிலுக்கு வரும் கையும் அப்படிப்பட்ட ஒரு பயணத்தைத்தான் செய்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதேனும் ஒரு தொற்று ஒட்டிக்கொள்கிறது. அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் அதனால் இறக்கிறார். கைச்சுத்தமும் அதோடு சேர்ந்த எளிய நடவடிக்கைகளும் ஒழுங்காக இருந்தால் இதில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்கிறது அதே அறிக்கை. தூய்மைப் பணியாளர்களை விட்டுவிட்டு இந்தக் கணக்கைச் சரிசெய்ய முடியாது.

சுவரில் 'ஐந்து தருணங்கள்' படம் ஒட்டியிருக்கிறோம். அது எங்கள் பணியாளர்களுக்குப் பொருந்துமா? எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அந்தப் படம் உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி வந்தது. நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ உடல் திரவமோ பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்பவைதான் அந்த ஐந்தும். சிகிச்சை தருபவரை மனதில் வைத்து எழுதியது. தூய்மைப் பணியாளருக்கு அன்றாடம் வருவது மூன்றாவதும் ஐந்தாவதும்தான். அவற்றோடு அவருடைய வேலைக்கே உரிய மூன்றைச் சேர்க்க வேண்டும்: கையுறை போடும் முன், கையுறை கழற்றிய பின், அழுக்கு வேலையிலிருந்து சுத்த வேலைக்கு மாறும்போது.

ஆனால் இப்படிப் பட்டியலாகச் சொன்னால் மனதில் நிற்காது. வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிக்கொடுங்கள். ஆறு படுக்கை உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வாசலில் நின்று ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) தேய்த்துக் கை காய்ந்த பிறகு கையுறை. முதல் படுக்கை. துணியை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். மேஜைக்கு ஒரு பக்கம், கம்பிக்கு ஒரு பக்கம், மணிப் பொத்தானுக்கு ஒரு பக்கம் என்று மேலிருந்து கீழாக, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் துடைத்து வருவது. எட்டும் முடிந்தால் துணி அழுக்குப் பைக்குப் போகும். மறுபடியும் வாளிக்குள் முக்கக் கூடாது; முக்கினால் வாளித் தண்ணீர் முழுவதும் முதல் படுக்கையின் கிருமி. பிறகு கையுறையைக் கழற்றி, ஹேண்ட் ரப் தேய்த்து, புதுக் கையுறை போட்டு, புதுத் துணியோடு இரண்டாவது படுக்கை. இப்படியே ஆறும் முடிந்த பிறகு தரை. கழிப்பறை எப்போதும் கடைசி. அங்கிருந்து வெளியே வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு சோப்பும் தண்ணீரும்.

இந்த வரிசை நடுவில் உடையும் இடங்கள்தான் ஆபத்தானவை. துடைத்துக்கொண்டிருக்கும்போது செல்போன் அடிக்கிறது. பக்கத்து நோயாளி தண்ணீர் எடுத்துத் தரச் சொல்கிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளக் கூப்பிடுகிறார்கள். போட்ட கையுறையோடு அப்படியே ஓடிவிடுவது இயல்பு. "யார் கூப்பிட்டாலும் முதலில் கழற்று, தேய், பிறகு போ" என்பதைப் பயிற்சியில் நடித்தே பழக்க வேண்டும். ஒருவர் துடைப்பவராகவும் மற்றொருவர் குறுக்கே கூப்பிடுபவராகவும் நடிக்கட்டும். இரண்டு மூன்று முறை செய்தாலே கை தானாக நின்றுவிடும்.

ஆறு படுக்கைக்கு ஆறு முறை ஹேண்ட் ரப் என்றால் மொத்தம் இரண்டு அல்லது மூன்று நிமிடம். அந்த நிமிடங்களைப் பணி அட்டவணையில் ஒதுக்காமல் பயிற்சி மட்டும் கொடுப்பது பணியாளருக்குச் செய்யும் அநியாயம். வேகமாக முடிக்கவும் சொல்லி, ஒவ்வொரு படுக்கைக்கும் கை சுத்தம் செய்யவும் சொன்னால் இரண்டில் ஒன்றைத்தான் அவரால் செய்ய முடியும். ஹேண்ட் ரப் பாட்டில் வாசலில் மட்டும் இருந்தாலும் போதாது. தள்ளுவண்டியிலேயே ஒன்று தொங்க வேண்டும்.

காலையில் போட்ட கையுறையை மதியம்வரை கழற்றாமல் வேலை செய்கிறார்கள். கேட்டால் "கைதான் மூடியிருக்கே" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

எங்களுக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான். கையுறை பணியாளரின் கையைக் காப்பாற்றுகிறது, நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. வெறும் கையில் ஈரமோ பிசுபிசுப்போ பட்டால் உடனே உணர்ந்து கழுவுவோம். கையுறை அந்த உணர்வை மறைத்துவிடுகிறது. அதனால் கையுறை போட்ட கை, வெறும் கையைவிடக் கூடுதலான இடங்களுக்குக் கிருமியைக் கொண்டுபோகும்.

மெல்லிய கையுறைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். நேரம் போகப் போகக் கிழிசலும் கூடும். உள்ளே வியர்வையும் சூடும் சேர்ந்து தோலில் உள்ள கிருமிகள் பெருகும். கழற்றும்போது வெளிப்பக்கம் விரலில் படாமல் தப்புவதும் கடினம். ஆகவேதான் கழற்றிய உடனே கை சுத்தம். ஒரு கையின் மணிக்கட்டுப் பக்கத்தில் வெளிப்புறத்தைப் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அதைக் கையுறை போட்ட மறு உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே விட்டு, முதலாவதையும் சேர்த்து மூடும்படி உரிக்க வேண்டும். இரண்டும் ஒரே பொட்டலமாகக் குப்பைக்குப் போகும்.

கையுறையின் மேலேயே ஹேண்ட் ரப் தேய்ப்பது வேண்டாம். அதிலுள்ள ஆல்கஹால் கையுறைப் பொருளைப் பலவீனமாக்கும்.

இரண்டு வகைக் கையுறைகளையும் போட்டுக் குழப்பக் கூடாது. ரத்தம், மலம், கிருமிநாசினி, கழிப்பறை வேலைக்கு முன்கை வரை ஏறும் தடித்த ரப்பர் கையுறை. இதைக் கழுவி, கிருமிநீக்கி, காயவைத்து மறுபடி போடலாம். ஆளுக்கு ஒரு ஜோடி, பெயர் எழுதி வைத்தது. ஒவ்வொரு நாளும் போடும் முன் கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே காற்றைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். காற்று கசிந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கழிப்பறைக்குப் போட்டதைப் படுக்கைக்குப் போடக் கூடாது. நிறம் வேறாக வாங்கினால் மேற்பார்வையாளருக்கு எட்ட நின்றே தெரியும். மெல்லிய கையுறை ஒரு படுக்கைக்கு ஒன்று. கழுவி மறுபடி போடும் பொருளல்ல அது.

பலர் ஏற்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ரத்தமோ உடல் திரவமோ இல்லாத இடத்தில், தோலை உறுத்தாத சோப்புக் கரைசலால் மட்டும் துடைக்கும்போது கையுறையே தேவைப்படாது. ஒரே கையுறையோடு வார்டு முழுக்கச் சுற்றும் கையைவிட, ஒவ்வொரு படுக்கைக்கும் சுத்தம் செய்த வெறும் கை மேலானது. நோயாளி தனிமைப்படுத்தப்பட்ட அறை என்றால் மட்டும் இது பொருந்தாது. அங்கே வாசலில் எழுதியிருக்கும் விதியே விதி.

சோப்பா, ஹேண்ட் ரப்பா? எது எப்போது?

கை பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் ஹேண்ட் ரப். வேகமாக வேலை செய்யும், தண்ணீர்த் தொட்டி தேடிப் போக வேண்டாம், தோலுக்கும் சோப்பைவிட நல்லது. அழுக்கு தெரிந்தாலோ, ரத்தம், மலம் பட்டாலோ, கழிப்பறை வேலை முடிந்தாலோ சோப்பும் தண்ணீரும். அழுக்குப் படலத்துக்கு அடியில் உள்ள கிருமியை ஆல்கஹால் சரியாக எட்டாது.

வயிற்றுப்போக்கு நோயாளியின் அறை தனிக் கணக்கு. குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, வித்து என்னும் கெட்டி ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஆல்கஹாலால் அந்த ஓட்டை ஒன்றும் செய்ய முடியாது. நோரோவைரஸும் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. இங்கெல்லாம் சோப்பு கிருமியைக் கொல்வதில்லை. தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்து அதை அடித்துக்கொண்டு போகின்றன. தேக்கி வைத்த தண்ணீரில் கை முக்கிக் கழுவினால் ஏன் பயனில்லை என்பதும் இதிலிருந்து புரியும். குழாய் இல்லாத இடமானால் மக்கிலிருந்து இன்னொருவர் ஊற்றட்டும், அல்லது அடியில் குழாய் வைத்த வாளியைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றை முடித்த கையோடு மற்றொன்றையும் செய்ய வேண்டியதில்லை. சோப்பு போட்ட உடனே ஹேண்ட் ரப் தேய்த்தால் தோல் எரியும். ஈரக் கையில் ஆல்கஹாலும் நீர்த்துப்போகும்.

ஆறு படிகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் செய்யும்போது ஐந்து வினாடியில் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். கையைப் பார்க்கவையுங்கள்.

ஆறு படிகள் உள்ளங்கையோடு உள்ளங்கை, விரல் கோத்துப் புறங்கை, விரல் கோத்து உள்ளங்கை, விரல்களை மடக்கிப் பிணைத்து அவற்றின் பின்பக்கம், கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றுவது, விரல் நுனிகளைக் குவித்து உள்ளங்கையில் சுழற்றுவது. கடைசி இரண்டும்தான் எப்போதும் விட்டுப்போகின்றன. துணியைப் பிழிவதும் கம்பியைப் பிடிப்பதும் கட்டைவிரலும் விரல் நுனியும் என்பதால், விட்டுப்போகவே கூடாத இடங்களும் அவைதான். நேரம் குறைவாக இருக்கும்போது கடைசிப் படிகள் அடிபடும் என்று தெரிந்தால், வரிசையையே மாற்றி விரல் நுனியிலிருந்து தொடங்கச் சொல்வதில் தவறில்லை. எல்லா இடமும் நனைய வேண்டும் என்பதே முக்கியம்.

காட்டுவதற்கு நல்ல வழி ஒளிரும் லோஷன். புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் மின்னும். அதைக் கையில் பூசி, வழக்கம்போலக் கழுவச் சொல்லி, இருட்டில் டார்ச் அடித்தால் விட்டுப்போன இடம் பளிச்சென்று ஒளிரும். நகக்கண்ணும் கட்டைவிரலின் அடியும் மின்னுவதை ஒருவர் தன் கையில் பார்த்துவிட்டால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம். அது கிடைக்காவிட்டால் தண்ணீரில் கரையும் வண்ணம் போதும். மெல்லிய கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஸ்பூன் வண்ணத்தை ஹேண்ட் ரப் மாதிரி தேய்க்கச் சொல்லுங்கள். கண் திறந்து பார்த்தால் வண்ணம் படாத இடம் தெரியும். கையுறையை எப்படிக் கழற்றுகிறார்கள் என்பதற்கும் அதே வண்ணம் சாட்சி. மணிக்கட்டில் வண்ணம் ஒட்டியிருந்தால் கழற்றியது தவறு.

நேரம் குறைவதற்கு இன்னொரு காரணம், எடுத்துக்கொள்ளும் அளவு. ஹேண்ட் ரப் 20 முதல் 30 வினாடி வரை கையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். துளியாக எடுத்தால் பத்து வினாடிக்குள் காய்ந்துவிடும்; காய்ந்த கையை யாரும் தேய்க்க மாட்டார்கள். உள்ளங்கைக் குழி நிறைய, ஏறக்குறைய 3 மில்லி, எடுக்க வேண்டும். பம்ப் ஒரு அழுத்தலுக்கு எவ்வளவு தருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். 1 மில்லிதான் வருகிறதென்றால் மூன்று அழுத்தல் என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பெரிய கை உள்ளவருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சோப்பு என்றால் நனைப்பது முதல் துடைப்பது வரை 40 முதல் 60 வினாடி.

கழுவிய பிறகு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காகிதத் துண்டால் துடைத்து, அதே காகிதத்தால் குழாயை மூடட்டும். சீருடையில் துடைப்பதையும், எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டையும் அனுமதிக்காதீர்கள். ஈரக் கை, காய்ந்த கையைவிட அதிகக் கிருமியை வாங்கவும் கொடுக்கவும் செய்யும்.

பணியாளர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஒப்பந்த ஊழியர்கள், அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பயிற்சியை எப்படி அமைப்பது?

ஆண்டுக்கு ஒருமுறை மண்டபத்தில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. முதல் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே அரை மணி நேரம், ஐந்து பேருக்கு மிகாத குழுவாக, வார்டிலேயே, அவர்கள் பயன்படுத்தும் அதே வண்டியோடும் வாளியோடும் நடத்துங்கள். முதலில் செய்து காட்டுவது, பிறகு அவர் செய்வது, கடைசியில் அவர் அடுத்தவருக்குச் செய்து காட்டுவது. மூன்றாவது நடந்தால்தான் கற்றது உறுதி. தாள் தேர்வு வேண்டாம். ஒரு படுக்கையைத் துடைத்துக் காட்டுவதே தேர்வு.

முதல் வாரத்தில் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து விடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஷிஃப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம், ஒரே ஒரு விஷயம். இந்த வாரம் கையுறை கழற்றுவது, அடுத்த வாரம் துணி மடிப்பது என்று. இரவு ஷிஃப்டை மறந்துவிடாதீர்கள். பகலில் நடக்கும் பயிற்சிக்கு அவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரச் சொல்வது முறையல்ல. பயிற்சி தருபவர் இரவில் போக வேண்டும்.

ஒப்பந்த நிறுவனம் பயிற்சி கொடுத்துவிட்டது என்று காகிதத்தில் வந்தாலும், கையைப் பார்க்காமல் வார்டுக்குள் அனுப்ப வேண்டாம். காரணத்தையும் சொல்லுங்கள். "தேய்" என்று மட்டும் சொன்னால் யாராவது பார்க்கும்போது தேய்ப்பார்கள். வித்து என்றால் என்ன, வாளித் தண்ணீர் ஏன் கெடுகிறது என்று எளிமையாகச் சொன்னால் புரியாமல் போகாது. படிக்காதவருக்கு விளங்காது என்று நினைப்பது நம் தவறு.

வளையல், மோதிரம், நகம் – கட்டாயம் கழற்ற வேண்டுமா?

வேலை நேரத்தில் ஆம். மோதிரத்துக்கு அடியில் சோப்பும் போகாது, ஹேண்ட் ரப்பும் போகாது. அங்கே தோலில் கிருமி எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். வளையலும் கைக்கடிகாரமும் மணிக்கட்டைக் கழுவ விடாது, கையுறையையும் கிழிக்கும். நகம் அரை சென்டிமீட்டருக்குள். ஒட்டு நகம் கூடாது. கழற்ற முடியாத மோதிரம் என்றால், அதை நகர்த்தி நகர்த்தி அடியில் தேய்க்கப் பழக்குங்கள். கழற்றியதை வைக்கப் பூட்டுள்ள சிறு பெட்டி கொடுங்கள். அது இல்லாமல் உத்தரவு மட்டும் போட்டால் யாரும் கழற்ற மாட்டார்கள்.

குளோரின் கரைசலிலேயே கையைக் கழுவிவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியுமே?

வேண்டாம். செம்மல்வைஸ் காலத்தில் வேறு வழி இல்லை. இன்று அது பரப்புகளுக்கான மருந்து, தோலுக்கானது அல்ல. தோல் வெடிக்கும், வெடிப்பில் கிருமி குடியேறும், பிறகு எரிச்சலுக்குப் பயந்து அவர் கை கழுவுவதையே விட்டுவிடுவார்.

ரத்தம் சிந்தினால் எந்த அளவில் குளோரின் கலப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ரத்தம், உடல் திரவம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். பொதுவான பரப்புகளுக்கு 0.1 சதவீதம். திரவப் பிளீச்சாக இருந்தால் பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு அத்தனை பங்கு தண்ணீர். 5 சதவீதப் பிளீச் என்றால் 0.5க்கு ஒன்பது பங்கு தண்ணீர், 0.1க்கு நாற்பத்தொன்பது பங்கு. பிளீச்சிங் பவுடர் 35 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 0.5 சதவீதத்துக்கு ஏறக்குறைய 14 கிராம், 0.1 சதவீதத்துக்கு 3 கிராம். அளவு ஸ்பூனும் கோடு போட்ட வாளியும் கொடுத்துவிட்டால் கணக்கே தேவைப்படாது.

தடித்த கையுறையோடு முதலில் சிந்தியதை உறிஞ்சும் துணியால் அல்லது காகிதத்தால் எடுத்துவிட்டு, இடத்தைச் சோப்பு நீரால் துடைத்து, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். ரத்தத்தின் மேலேயே நேராக ஊற்றினால், குளோரின் ரத்தத்தோடு வினைபுரிந்து வீணாகிவிடும். உடனே துடைத்தாலும் அதே கதைதான். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றையதில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் மூச்சு நின்றுவிடும் அளவுக்கு. முடிந்த பின் கையுறையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும்.

சோப்புத் திரவம் குறைந்ததும் அதே பாட்டிலில் ஊற்றி நிரப்புகிறோம். தவறா?

தவறு. அடியில் தங்கிய பழைய சோப்பில் சூடோமோனாஸ், செராஷியா போன்ற பாக்டீரியாக்கள் வளரும். பிறகு ஒவ்வொரு கை கழுவலும் கிருமியைப் பூசுவதாகிவிடும். பாட்டிலைக் காலி செய்து, கழுவி, முழுவதும் காயவைத்த பிறகே நிரப்புங்கள். கட்டிச் சோப்பானால் சிறு துண்டுகளாக, தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள்.

கை கழுவும் தொட்டியில் மாப் தண்ணீரையும் மிச்ச மருந்தையும் கொட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தொட்டியின் குழாய்க்குள் கிருமிப் படலம் உருவாகி, தண்ணீர் திறக்கும்போதெல்லாம் சிதறி மேலே வரும். மாப் தண்ணீருக்குத் தனித் தொட்டி இருக்க வேண்டும்.

ஹேண்ட் ரப்பை மருத்துவமனையிலேயே தயாரிக்கலாமா?

மருந்தகத்தில், பயிற்சி பெற்றவர் செய்யலாம். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் கலவைக்கு, 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீதக் கிளிசரின் 145 மில்லி. மீதியைக் காய்ச்சி வடித்த தண்ணீராலோ கொதித்து ஆறிய தண்ணீராலோ 10 லிட்டர் வரை நிரப்ப வேண்டும். பெராக்சைடு கையிலுள்ள கிருமிக்காக அல்ல. பாட்டிலில், கலவையில் இருக்கக்கூடிய வித்துகளுக்காக. அதற்கு அவகாசம் தரத்தான் 72 மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். கலவை எளிதில் தீப்பற்றும். அடுப்பு, ஸ்விட்ச் பெட்டி அருகே வைக்கக் கூடாது. தேய்த்த கை முழுதும் காயும் முன் எதையும் தொடவும் கூடாது.

பயிற்சி கொடுத்தாகிவிட்டது. நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரில் நின்று பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இருபது நிமிடம், கையில் சிறு தாள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் எத்தனை வந்தது, எத்தனையில் செய்தார் என்று இரண்டு எண் போதும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள் என்பதால், பாட்டில்கள் எவ்வளவு வேகமாகக் காலியாகின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஏறி, பாட்டில் அப்படியே இருந்தால், நீங்கள் பார்த்தது நடிப்பு.

பார்த்ததை அன்றைக்கே, தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். சம்பளப் பிடித்தம், எல்லோர் முன்னும் திட்டு என்று போனால் தவறுகள் குறையாது, ஒளிந்துகொள்ளும். ஒரே தருணத்தை எல்லோருமே விடுகிறார்கள் என்றால் குறை ஆளிடம் இல்லை. அங்கே பாட்டில் இல்லையா, நேரம் இல்லையா என்று பாருங்கள். வார்டு நர்ஸும் டாக்டரும் கை தேய்க்காமல் உள்ளே போவதைப் பணியாளர் தினமும் பார்க்கிறார் என்றால் அதையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

நான் தூய்மைப் பணியாளர். கை வெடித்து எரிகிறது. ஹேண்ட் ரப் போட்டால் உயிர் போகிறது. என்ன செய்வது?

எரிச்சலுக்கு ஹேண்ட் ரப் காரணம் என்று தோன்றும். தோல் ஏற்கெனவே வெடித்திருப்பதால்தான் அது எரிகிறது. வெடிக்கவைத்தது பெரும்பாலும் சோப்பும் சுடுதண்ணீரும் கையுறைக்குள் இருக்கும் ஈரமும்தான். வெந்நீரில் கழுவாதீர்கள், அது கிருமியைக் கூடுதலாகப் போக்குவதும் இல்லை. சோப்பு தேவைப்படாத இடத்தில் கிளிசரின் கலந்த ஹேண்ட் ரப்புக்கு மாறுங்கள். கழுவினால் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். முழுவதும் காய்ந்த பிறகே கையுறை. இடைவேளையிலும் வேலை முடிந்தும் கிரீம் தடவுங்கள். ரப்பர் கையுறை போடும் முன் வாசலின் போன்ற எண்ணெய்ப் பூச்சு வேண்டாம், ரப்பர் அதில் பலவீனமாகிக் கிழியும்.

வெடிப்பு ஆறாவிட்டால், அரிப்போடு சிவந்து வீங்கினால், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். புண்ணான கையோடு ரத்தம் படும் வேலைக்குப் போகக் கூடாது. இதைச் சொல்வதால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வைக்கும் மேற்பார்வையாளர்கள், புண்ணான கையே நோயாளிக்கும் ஆபத்து என்பதை உணர வேண்டும்.

குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குத்திய இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சோ ஸ்பிரிட்டோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் அதைக் கொடுப்பதில்லை. எந்தப் பையில் இருந்தது, எந்த வார்டு என்பதையும் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. வேலையில் சேரும்போதே போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் இன்றே கேளுங்கள். தரையில் கிடக்கும் ஊசியைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து ஊசிப் பெட்டியில் போடுங்கள். பை நிறைந்துவிட்டது என்று கையால் அழுத்தி இடம் பண்ணாதீர்கள். பையின் கழுத்தைப் பிடித்து, உடம்பை விட்டுத் தள்ளித் தூக்குங்கள். அடியில் கை கொடுக்க வேண்டாம்.